கார் கட்டுறவன் எல்லாம் களவாணியா?

டிஸ்கி: இது பொட்டி தட்டிப் பொழைக்கிற ஒருத்தன் எழுதுறது. படிச்சது ட்ரிபிள்ஈ, பண்றது ஜாவா. பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. பொறுமை இருக்கிறவங்க மட்டும் உள்ள வாங்க.

மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்த மெசேஜ் வந்துடுது மக்களே. கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு 1952லயே 2,000 ரூபாய்க்கு ரெண்டு பேர் உக்கார்ற பெட்ரோல் கார் பண்ணினாரு, அரசாங்கம் லைசென்ஸ் தரல, அதோட அந்தக் கார் கதை முடிஞ்சது. கீழே மூணு அழுகைப் பொம்மை, ஒரு தேசியக்கொடி, "தமிழனா இருந்தால் பகிரவும்". அனுப்புறது யாருன்னு பார்த்தா நம்ம ஆபீஸ் நண்பர்கள், காலேஜ் சீனியர்கள், ரெண்டு சித்தப்பா.

இவங்ககிட்ட எனக்கு ஒரே ஒரு கேள்வி. 1952ஐ விடுங்க. இன்னிக்கு ஒருத்தன் சின்னமனூர்ல வீட்டுக் கொட்டகையில ஒரு கார் கட்டி முடிச்சு, உத்தமபாளையம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினா அவனுக்கு நம்பர் கிடைக்குமா?

கிடைக்காது. எழுபது வருசத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு அழுகைப் பொம்மை போடுற யாரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறதில்ல. அதான் இந்தப் பதிவு.

என் மாமா பையன் அப்படி ஒரு கார் கட்டியிருக்கான். டிப்ளமோ மெக்கானிக்கல். பகல்ல திராட்சைத் தோட்டம், ராத்திரி வெல்டிங். ரெண்டு பேர் உக்கார்ற வண்டி. இரும்பு பைப் ஃப்ரேம், ஃபைபர் பாடி. எஞ்சினும் கியர்பாக்ஸும் இடிபட்டுக் காயலாங்கடைக்கு வந்த ஒரு மாருதி 800ல இருந்து கழட்டினது. எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின். வெல்டிங், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் அவன். ஒயரிங் நானும் அவனும். சென்னையில இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து, சனி ஞாயிறு பூரா ஒயர் உரிச்சு, திங்கக்கிழமை காலையில திரும்பவும் ஆணி புடுங்கப் போயிடுவேன். இப்படியே ஏழு மாசம் ஓடுச்சு. வண்டி இப்ப கிண்ணுனு ஓடுது. ஆனா தோட்டத்து வரப்பைத் தாண்டி தார் ரோட்டுல ஏறக் கூடாது. மாமா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு: "ஏண்டா மாப்ள, இதுக்குப் பதிலா ஒரு பவர் டில்லர் வாங்கியிருந்தா ரெண்டு குழி உழுதிருக்கலாம்ல?"

சரி, சட்டம் என்னதான் சொல்லுது?

1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. ஆரம்பத்துல இது ஓரளவு நியாயமாத்தான் இருந்துச்சு. வண்டியில மாத்தம் பண்ணணும்னா முன்கூட்டியே சொல்லி, பதிவு அதிகாரிகிட்ட அனுமதி வாங்கிப் பண்ணலாம். 2000ல திருத்தினாங்க. கம்பெனி முதல்ல என்ன விவரம் கொடுத்துச்சோ அதுல இருந்து மாறுற மாதிரி எதுவும் பண்ணக் கூடாதுன்னு ஆச்சு. கேஸ் மாத்துறது மாதிரி சில விதிவிலக்கு மட்டும் வச்சாங்க. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் கேரளா உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாத்தி, அந்தப் பிரிவுக்கு அதுதான் அர்த்தம்னு உறுதி பண்ணுச்சு. அதே 2019ல வந்த சட்டத்திருத்தம் தண்டனையையும் எழுதி வச்சுது. வண்டியோட ஓனர் இப்படி மாத்தினா 6 மாசம் வரைக்கும் உள்ள, இல்லன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய், இல்லன்னா ரெண்டும்.

இது ஏற்கனவே நம்பர் இருக்கிற வண்டிக்கு. புதுசா கட்டின வண்டி கதை இன்னும் மோசம். மத்திய மோட்டார் வாகன விதி 126 என்ன சொல்லுதுன்னா, வண்டி தயாரிக்கிறவர் முதல் மாதிரியை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்துல காட்டி சான்றிதழ் வாங்கணும். புனேவுல ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கு. நமக்குப் பக்கத்துல, அதாவது தேனியில இருந்து 450 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, ஒரகடம். லட்சம் வண்டி விக்கிறவனுக்கு இது சரியான விதிதான். ஒரு மாதிரியை அக்கு வேறா ஆணி வேறா சோதிச்சுட்டா, மிச்ச வண்டி எல்லாம் அதே மாதிரிதான் வருதான்னு பார்த்தாப் போதும். ஆனா மொத்தமே ஒரு வண்டி கட்டினவன் எந்த மாதிரியைக் காட்டுவான்? அவன்கிட்ட இருக்கிற ஒண்ணே ஒண்ணு அவன் வண்டி. அதை இடிச்சு சோதிச்சுட்டா சான்றிதழை ஃப்ரேம் போட்டு வீட்டுல மாட்டிக்க வேண்டியதுதான்.

ஆக, சட்டத்துல "கம்பெனி"ன்னு ஒரு சாதி இருக்கு, "ஓனர்"னு ஒரு சாதி இருக்கு. நடுவுல "ஒரே ஒரு வண்டியைத் தானே கட்டினவன்"ங்கிற மனுசனுக்கு இடமே இல்ல. விண்ணப்பிச்சு நிராகரிச்சாக்கூட பரவாயில்ல, விண்ணப்பிக்கிறதுக்கு ஒரு ஃபாரமே கிடையாது.

"தடை போட்டாச்சுல்ல, ரோடு பாதுகாப்பா இருக்குல்ல?"ன்னு கேக்குறவங்க ஒரு நாள் காலையில அஞ்சு மணிக்கு போடி பக்கம் வந்து நில்லுங்க.

ஏலத்தோட்ட வேலைக்குப் போற ஜீப்புங்க வரிசையா மலை ஏறும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. இந்தப் பக்கம் கம்பம்மெட்டு, குமுளி வழியாவும் இப்படித்தான். உள்ள கூலி வேலைக்குப் போற அக்காமாருங்க, தூக்குச்சட்டியோட நெருக்கியடிச்சு உக்கார்ந்திருப்பாங்க. இதுல வயசான ஜீப் பலதுல ஆர்.சி. புக்குல இருக்கிற எஞ்சினும் பானட்டுக்குள்ள இருக்கிற எஞ்சினும் ஒண்ணுதானான்னு கேட்டா டிரைவர் அண்ணனே சிரிச்சுடுவாரு. பெட்ரோல் எஞ்சின் போயி டீசல் வந்து, அந்த டீசலும் போயி இன்னொரு டீசல் வந்திருக்கும். எஞ்சின் மாத்துறது அவ்வளவு பெரிய பாவமும் இல்ல. எழுபதுகள்ல மகிந்திராவே டிராக்டர் எஞ்சின் வழிவந்த டீசலைத் தூக்கி ஜீப்புக்குள்ள வச்சு வித்திருக்கு. கம்பெனி பண்ணினா மாடல், பட்டறை பண்ணினா குற்றம்!

சென்னைக்காரங்களுக்கு மீன்பாடி வண்டி தெரியும். மிதிக்கிற மூணு சக்கர வண்டியில பழைய ஸ்கூட்டர் எஞ்சினைக் கட்டி ஓட்டுறது. வடக்க ஜுகாட். தண்ணி இறைக்கிற டீசல் எஞ்சினை மரச்சட்டத்துல பூட்டி ஜனங்களை ஏத்துவாங்க. அதுவும் மோட்டார் வாகனம்தான், பதிவும் இன்சூரன்ஸும் இல்லாம ஓடக் கூடாதுன்னு 2013ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. தீர்ப்பு சரிதான். ஆனா பதிவு பண்ண ஒரு வழியும் வைக்காம "பதிவு பண்ணு"ன்னு சொன்னா அதுக்கு என்ன பேரு?

தடையால ஒரு வண்டிகூட குறையல. ஒரே ஒரு விசயம்தான் நடந்துச்சு: இந்த வண்டிங்களோட பானட்டைத் திறந்து பார்க்க வேண்டியவன் யாரும் திறந்து பார்க்கிறதில்ல. பார்த்தா பிடிக்கணும், பிடிக்கலைன்னா வாங்கணும். ரெண்டுல எது நடந்தாலும் உள்ள இருக்கிற ஒயரை யாரும் தொட்டுப் பார்க்கப் போறதில்ல.

இப்ப ஒயருக்கு வருவோம். ஏன் ஒயரைப் பிடிச்சுத் தொங்குறேன்னு கேப்பீங்க. எஞ்சின் மவுண்டிங் தப்பா இருந்தா சத்தம் வரும், ஆடும், ஓட்டுறவனுக்கே தெரியும். பிரேக் சரியில்லன்னா முதல் நாளே தெரியும். ஒயரிங் தப்பு மட்டும்தான் வருசக்கணக்கா சத்தமில்லாம உக்கார்ந்திருந்து, ஒரு நாள் மொத்தமா வேலையைக் காட்டும். நம்ம மொழியில சொன்னா, டெஸ்டிங்ல சிக்காத பக், புரொடக்‌ஷன்ல வெடிக்கிறது. அதுவும் இங்க வெடிக்கிறது உண்மையாவே வெடிக்கிறது.

பழைய கார்புரேட்டர் எஞ்சின்னா பெரிய வித்தை இல்ல. செல்ஃப் மோட்டாருக்குத் தடி ஒயர், காயிலுக்கு ஒண்ணு, டைனமோவுக்கு ரெண்டு மூணு, ஆயில் பிரஷருக்கு ஒண்ணு, டெம்பரேச்சருக்கு ஒண்ணு. ஒரு பட்டறைத் தம்பி மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுவான். எம்.பி.எஃப்.ஐ. வந்ததும் கதை மாறிடுச்சு. எஞ்சினோட ஒரு இ.சி.யு. பொட்டி வருது. கிராங்க் எங்க சுத்துதுன்னு ஒரு சென்சார், காத்து அழுத்தத்துக்கு ஒண்ணு, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்குன்னு ஒண்ணு, தண்ணிச் சூட்டுக்கு ஒண்ணு, சைலன்சர்ல ஆக்சிஜனுக்கு ஒண்ணு. இன்ஜெக்டர், மெயின் ரிலே, பம்ப் ரிலே தனி. இம்மொபிலைசர் இருக்கிற வண்டின்னா சாவியும் பொட்டியும் ஒண்ணை ஒண்ணு அடையாளம் தெரிஞ்சாத்தான் ஸ்டார்ட் ஆகும். எஞ்சினை மட்டும் காயலாங்கடையில வாங்கிட்டு வந்தா அது வெறும் இரும்பு. எஞ்சின், பொட்டி, சாவி, முழு ஒயரிங் கிட்டு, நாலும் ஒரே வண்டியில இருந்து வரணும்.

பட்டறையில என்ன பண்றாங்க? எஞ்சின் தூக்குற அவசரத்துல ஒயரை ப்ளக்குல இருந்து ரெண்டு விரக்கடை விட்டு வெட்டிடுறாங்க. அப்புறம் கலர் பார்த்து முறுக்கி, இன்சுலேசன் டேப் சுத்துறாங்க. டாக்குமெண்ட் இல்லாத பழைய கோடுல நடுப்பக்கத்தைக் கிழிச்சுட்டு, மிச்சத்தை ஊகிச்சு எழுதுற மாதிரி. இதுல நான் கண்ணால பார்த்த கொடுமைங்க நாலு:

ஒண்ணு, எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல உக்கார்ந்திருக்கு. ரப்பர்ல கரண்ட் போகாது. அதனாலதான் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு தடி எர்த் பட்டை வரும். எஞ்சின் மாத்தும்போது அதைத் திரும்ப மாட்ட மறந்துடுவாங்க. செல்ஃப் அடிச்சா நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். அந்தக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக வழி தேடும். கிடைக்கிற ஒரே இரும்பு வழி ஆக்சிலேட்டர் கேபிள். ஒரு பட்டறையில செல்ஃப் அடிக்க அடிக்க அந்த கேபிள் உறை உருகிப் புகை வர்றதை நின்னு பார்த்தேன். மெக்கானிக் அண்ணன், "கேபிள் மட்டமான கம்பெனி தம்பி, வேற போட்டுக்கலாம்"னாரு. புதுக் கேபிளும் உருகும்ணே!

ஃபைபர் பாடின்னா இன்னும் கவனம் வேணும். தகர பாடி மாதிரி அதுவே எர்த் ஆகாது. ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் ஒயர் இழுக்கணும். இழுக்கலைன்னா இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும், கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி. பின்னாடி வர்ற லாரிக்காரன் நீங்க திரும்புறீங்களா, பிரேக் போடுறீங்களான்னு ஜோசியம் பார்க்கணும்.

ரெண்டு, பெட்ரோல் பம்ப். இதுதான் உயிர் போற விசயம், கவனமாப் படிங்க. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில பம்ப்பை இ.சி.யு.தான் ரிலே வழியா ஓட்டுது. சாவி போட்டதும் ரெண்டு மூணு செகண்ட் ஓடி நிக்கும். கிராங்க் சுத்துறது தெரிஞ்சாத்தான் மறுபடி ஓடும். எங்கயாவது மோதி எஞ்சின் நின்னுச்சுன்னா பம்ப்பும் தானா நின்னுடும். இந்த ஒயரைக் கண்டுபிடிக்க சோம்பேறித்தனப்பட்டு, பம்ப்பை நேரா இக்னிஷன்ல கொடுத்துடுறாங்க. வண்டி நல்லாத்தான் ஓடும், ஒரு வித்தியாசமும் தெரியாது. வண்டி உருண்டு, பெட்ரோல் குழாய் பிஞ்சு, சாவி ஆன்லயே இருக்கிற அன்னிக்குத்தான் வித்தியாசம் தெரியும். எஞ்சின் நின்னிருக்கும், பம்ப் மட்டும் நிக்காம சூடான சைலன்சர் மேல பெட்ரோலைப் பீச்சிக்கிட்டே இருக்கும்.

மூணு, பியூஸ். பியூஸ் போகுதுன்னா எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம். நம்ம ஆளு சிகரெட் அட்டை வெள்ளித்தாளைச் சுத்தி வச்சுடுவான், இல்லன்னா 15 ஆம்பியர் இருந்த இடத்துல 30 போட்டுடுவான். எக்செப்ஷனைப் பிடிச்சு உள்ள ஒரு வரியும் எழுதாம விட்டுட்டு "எர்ரர் வரல சார்"னு சொல்ற ஆளை நம்ம ஆபீஸ்ல பார்த்திருப்பீங்க. அதே சாதி. பியூஸ் போடுறது ரேடியோவைக் காப்பாத்த இல்லண்ணே, ஒயரைக் காப்பாத்த. பியூஸ் உருகலைன்னா ஒயர் உருகும்.

நாலு, ஓட்டை. எஞ்சின் ரூம்ல இருந்து உள்ள ஒயர் வர்ற இடத்துல தகரத்துல ட்ரில் போட்டு, ரப்பர் வாசர் இல்லாம நேரா ஒயரை விட்டுடுறது. மலை ரோட்டு ஆட்டத்துல தகர விளிம்பு கத்தி மாதிரி அறுத்துக்கிட்டே இருக்கும். என்னிக்கு அறுத்து முடிக்குதோ அன்னிக்கு ஷார்ட்.

இந்த நாலையும் சரி பண்ண எவ்வளவு ஆகும்? ஒரு எர்த் பட்டை, ரெண்டு ரிலே, ஒரு பியூஸ் பாக்ஸ், அஞ்சாறு ரப்பர் வாசர். ரெண்டு பேர் குடும்பத்தோட போய் பரோட்டா சாப்பிட்டா ஆகுற காசு. காசில்லாம இது நடக்காம இல்ல. கேக்குறதுக்கு ஆள் இல்லாமத்தான் நடக்காம இருக்கு. ஏன் கேக்க ஆள் இல்ல? வண்டியே "இல்லாத" வண்டியாச்சே!

இங்க பட்டறைப் பக்கமும் ரெண்டு அடி கொடுக்காம விட்டா நியாயம் இல்ல. "அதெல்லாம் படிச்சவன் பேச்சு தம்பி, நாங்க கை வாக்குல பண்ணுவோம்"னு ஒரு கெத்து இருக்கு பாருங்க, அதை நாமளே கைதட்டி வளர்த்துட்டோம். ஓடினாச் சரிங்கிறது ஒரு அளவுகோலே இல்ல. எஞ்சினைத் தூக்கி மாட்டின வீடியோவுக்கு லட்சம் பேர் லைக் போடுறான். ஒயரிங் படம் ஒண்ணு வரைஞ்சு வண்டிக்குள்ள ஒட்டி வச்சவனை எவனும் மதிக்கிறதில்ல. இந்த ஜுகாட் பெருமையும் அந்தக் குருட்டுத் தடையும் அண்ணன் தம்பி. ஒண்ணு "சோதிக்கவே மாட்டேன்"னுது, இன்னொண்ணு "சோதிக்கவே வேணாம்"னுது. ரெண்டும் சேர்ந்துதான் அந்த ஜீப்புல போற அக்காமாரை மலை ஏத்தி விடுது.

வேற வழியே இல்லையா? இருக்கு. உலகத்துல பாதி ஊர்ல இருக்கு.

இங்கிலாந்துல 1957ல லோட்டஸ் செவன்னு ஒரு கார் வந்துச்சு. பாகம் பாகமா வாங்கி வீட்டுல பூட்டிக்கிட்டா வரி மிச்சம்னு ஜனங்க கொட்டகையில கார் கட்ட ஆரம்பிச்சாங்க. அரசாங்கம் தடை போடல. 1998ல ஒரு தனி வண்டி சோதனை கொண்டு வந்து, 2009ல அதை இன்னும் இறுக்கினாங்க. கட்டினவன் வண்டியைக் கொண்டு போகணும், இன்ஸ்பெக்டர் பட்டியல் வச்சு ஒவ்வொண்ணா பார்ப்பார். விளிம்பு கூர்மையா இருக்கா, பிரேக் பிடிக்குதா, ஒயர் உரசுதா, புகை எவ்வளவு. பாஸ் ஆனா நம்பர், ஃபெயில் ஆனா எதுல ஃபெயில்னு தாள்ல எழுதிக் கொடுப்பாங்க. சரி பண்ணிட்டுத் திரும்ப வரலாம். ஆஸ்திரேலியாவுல எஞ்சின் மாத்தவும் தனி வண்டி கட்டவும் நெறிமுறைப் புத்தகமே இருக்கு, அனுமதி பெற்ற எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போடணும். கலிஃபோர்னியாவுல வருசத்துக்கு 500 வண்டின்னு கணக்கு வச்சு, வீட்டுல கட்டின வண்டிக்குப் புகை விதியில தளர்வு கொடுக்கிறாங்க.

"அது வெள்ளைக்காரன் ஊரு"ன்னு சொல்றவங்களுக்காக நம்ம ஊருக்கே வரேன்.

கோயமுத்தூர்ல எஸ்.கரிவரதன் 1988ல மாருதி 800 எஞ்சினை வச்சு ஒத்தை சீட்டு ரேஸ் கார் கட்டினாரு. ஃபார்முலா மாருதி. அடுத்த வண்டியில இருந்து கழட்டின எஞ்சினை நாமளே கட்டின ஃப்ரேம்ல வைக்கிறது, அதேதான். அவர் 1995ல விமான விபத்துல போயிட்டாரு. அவர் பேர்ல ஒரு ரேஸ் டிராக்கே செட்டிபாளையத்துல நிக்குது. ரேஸ்ல ஒவ்வொரு வண்டியையும் ஓடுறதுக்கு முன்னாடி ஒருத்தர் சோதிப்பார். மொத்தக் கரண்டையும் வெளியில இருந்தே நிறுத்துற கட்-ஆஃப் ஸ்விட்ச் இல்லாம உள்ள விடமாட்டாங்க. 2007ல இருந்து நடக்கிற காலேஜ் பசங்க பாஹா போட்டியிலயும் அதே கதைதான். ஆக, தனித்தனி வண்டியா சோதிக்க நமக்குத் தெரியாம இல்ல. விளையாட்டுன்னா தெரியுது, ரோடுன்னா மறந்துடுது.

கரூரைப் பாருங்க. கம்பெனி கொடுக்கிறது வெறும் சேசிஸ். மேல பாடி, சீட்டு, லைட்டு, மொத்த ஒயரிங்கும் பாடி கட்டுறவர் வேலை. அறுபது பேர் உக்கார்ற பஸ்! அதுக்கு ஏ.ஐ.எஸ். 052னு ஒரு விதித்தொகுப்பு எழுதி, அதுப்படி கட்டுன்னு சொல்லியிருக்காங்க. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி லாரி மேல கம்ப்ரசரும் ரிக்கும் ஏத்தி நாடு பூரா ஓடுது. கேஸ் கிட்டு மாத்தினா ஆர்.சி. புக்குல ஏத்திக் கொடுக்கிறாங்க. பழைய வண்டியில மின்சாரக் கிட்டு மாட்டவும் 2016ல விதி வந்துச்சு. மாற்றுத்திறனாளிக்கு ஏத்த மாதிரி வண்டியை மாத்த, பதிவு அதிகாரி அனுமதி போதும்னு அதே பிரிவு 52லயே இடம் இருக்கு. கதவு இல்லாம இல்ல மக்களே, நாலு பக்கமும் கதவு இருக்கு. தானே கட்டினவனுக்கு மட்டும்தான் சுவரு.

இனி வழக்கமான கேள்விங்க.

"மோதல் சோதனை பண்ணாத வண்டியை ரோட்டுல விடலாமா?" புது மாடல் கார்களுக்கே மோதல் சோதனை 2017 அக்டோபர்லதான் கட்டாயம் ஆச்சு. அதுக்கு முன்னாடி வந்த ஆம்னியும் அம்பாசடரும் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆட்டோவுல போறீங்க, பைக்குல போறீங்க. அந்த அளவுகோலை என் மாமா பையனுக்கு மட்டும் நீட்டாதீங்க. வேணும்னா வேகக் கட்டுப்பாடு போடுங்க, வாடகைக்கு ஓட்டக் கூடாதுன்னு எழுதுங்க, இன்சூரன்ஸ் ரெண்டு மடங்கு வாங்குங்க.

"எல்லாரும் கட்ட ஆரம்பிச்சுட்டா?" ஏழு மாசம் சனி ஞாயிறு ஒயர் உரிக்க எத்தனை பேர் தயாரா இருக்கான்னு நினைக்கிறீங்க? பயமா இருந்தா கலிஃபோர்னியா மாதிரி எண்ணிக்கை வைங்க. மாவட்டத்துக்கு வருசம் பத்துன்னு வச்சாக்கூட தேனியில பாதி மீந்துடும்.

"திருட்டு எஞ்சின் வந்துடுமே?" இது நியாயமான கேள்வி. பதிலும் சுலபம். எஞ்சின் நம்பர், கழட்டின வண்டியோட ஆர்.சி. ரத்து பண்ணின தாள், காயலாங்கடை ரசீது மூணும் கேளுங்க. இப்ப ஒண்ணையும் யாரும் கேக்குறதில்ல, அதனாலதான் திருட்டு எஞ்சினுக்கு மவுசு.

"பிரேக் இன்ஸ்பெக்டர் காசு வாங்கிட்டு விட்டுடுவாரே?" வாங்கலாம். அதுக்குத்தான் பட்டியல் வேணும்கிறேன். கட்டும்போதே எடுத்த போட்டோ, ஒயரிங் படம், சோதனை முடிவு எல்லாத்தையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைங்க. மறைவா இருக்கிற வரைக்கும்தான் பேரம். இப்ப இருக்கிற தடைதான் இருக்கிறதுலயே பெரிய பேரத்துக்கு வழி.

மோட்டார் வாகனம் பொதுப்பட்டியல்ல இருக்கிற விசயம். ஆனா விதி 126 மத்திய விதி, அதை மாத்த வேண்டியது டெல்லி. கேக்க வேண்டியது நாம. பஸ் பாடி, போர்வெல் வண்டி, ரேஸ் கார் மூணையும் கட்டுற மாநிலம் கேக்காம வேற யாரு கேப்பா? நான் கேக்குறது இலவசம் இல்ல, சலுகை இல்ல. ஒரு ஃபாரம், ஒரு கட்டணம், ஒரு சோதனை. ஃபெயில் பண்ணுங்க சார், தாராளமா ஃபெயில் பண்ணுங்க! ஆனா எதுல ஃபெயில்னு எழுதிக் கொடுங்க.

அந்தச் சோதனைக்கு ஒரகடம் வரைக்கும் போகக்கூட வேணாம். பிரேக், ஸ்டீரிங் பார்க்க எப்.சி. எடுக்கிற இடமே போதும். ஒயரிங் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும்.

செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல வோல்ட் பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. பேட்டரியில இருந்து கிளம்புற ஒயர்ல பியூஸ் எங்க இருக்குன்னு பாருங்க. தகர ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ரப்பர் இருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க. கட்-ஆஃப் ஸ்விட்சைத் திருப்புங்க, எஞ்சின் நிக்கணும்.

கடைசியா, எஞ்சின் ஓடாம சாவியை மட்டும் ஆன் பண்ணிட்டு டேங்க் பக்கம் காதை வைங்க. பம்ப் "ங்ங்"ன்னு ஓடி, மூணு செகண்டுல நிக்கணும். நின்னா அந்த ஒயரிங் பண்ணினவனுக்கு விசயம் தெரியும், கூப்பிட்டு நம்பர் கொடுங்க. நிக்கலைன்னா வண்டியைத் திருப்பி அனுப்புங்க. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு அதே காதை, அதே மாதிரி, போடி பக்கம் மலை ஏற நிக்கிற ஜீப்புங்க ஒவ்வொண்ணுலயும் வச்சுப் பாருங்க.